ரிப்பன் மாளிகை நாற்காலியும் நம் முஹல்லாவும்

 

ராயப்பேட்டை மணிக்கூண்டு அருகே நின்று, போகிற வருகிற பத்து இளைஞர்களை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். முதலமைச்சர் யார்? சொல்வார்கள். எம்.எல்.ஏ. யார்? பாதிப் பேராவது சொல்வார்கள். அமெரிக்க அதிபர் நேற்று என்ன உளறினார் என்பதைக் கூடச் சொல்வார்கள். உன் வார்டு எண் என்ன தம்பி என்று கேளுங்கள். தலையைச் சொறிவார்கள்! மேயருக்கு என்ன வேலை, என்ன அதிகாரம் என்று கேட்டால், சிவப்பு அங்கி போட்டுக்கொள்வார், கழுத்தில் சங்கிலி தொங்கும் என்பதற்கு மேல் பதில் வராது.

இளைஞர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் வியாபாரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சொத்து வரி கட்டுகிறோம், தொழில் வரி கட்டுகிறோம், தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம். அத்தனையும் மாநகராட்சிக்குப் போகிற பணம். பிள்ளை பிறந்தால் சான்றிதழ் அங்கே. மௌத்தானால் சான்றிதழ் அங்கே. கறிக்கடைக்காரருக்கு ஆட்டுத்தொட்டி அவர்கள் கையில். நடைபாதையில் தட்டுக்கடை போட்டவருக்கு, 2014ஆம் ஆண்டு வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டை தர வேண்டியவர்களும் அவர்களே. நம் வாழ்க்கையின் முதல் காகிதமும் கடைசிக் காகிதமும் ரிப்பன் மாளிகையின் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் அந்த மாளிகைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பேச்சு அங்கே எடுபடுகிறது என்பது மட்டும் நமக்குத் தேவையில்லாத விஷயம்!

ஆகவே இந்த இதழில் அந்த நாற்காலியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம். கதை தெரிந்தால்தான் எங்கே ஏமாந்தோம் என்பது புரியும்.

சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே மூத்தது. 1687 டிசம்பர் 30 அன்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் சாசனம் எழுதப்பட்டு, 1688 செப்டம்பர் 29இல் மன்றம் கூடியது. கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். மேயருக்குத் துணையாக ஆல்டர்மேன்கள் பன்னிரண்டு பேர். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், போர்த்துக்கீசியர், யூத வணிகர் என்று பலரும் இருந்த அந்தப் பட்டியலில் சின்ன வெங்கடாத்திரி, முத்து வீரண்ணா, அழகாத்தப் பிள்ளை ஆகிய மூன்று உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். கடல் வாணிபத்தில் கொடிகட்டிப் பறந்த நம்மவர் பெயர் அந்தப் பன்னிரண்டில் இல்லை.

வெள்ளைக்காரன் ஏன் இவ்வளவு பெருந்தன்மை காட்டினான்? மக்கள் மீது அன்பா? இல்லை! வரி! கோட்டையைக் கட்டிக் காக்கச் செலவாகிறது, மக்கள் வரி கொடுக்க மறுக்கிறார்கள். அவர்களுடைய தலைவர்களையே மன்றத்தில் உட்கார வைத்து அவர்கள் வாயாலேயே வரி போட வைத்தால் கொடுத்து விடுவார்கள் என்று லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு கணக்குப் போட்டார். மன்றம் பிறந்த நோக்கம் அதுதான். மக்கள் அப்போதும் இலேசில் கொடுத்துவிடவில்லை என்பது வேறு கதை. இந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த மேயர் நீதிபதியாகவும் இருந்தார். மேயர் கோர்ட் என்றே ஒன்று நடந்தது. 1726இல் அது புதிய சாசனத்தின்படி மாற்றி அமைக்கப்பட்டு, 1798இல் ரெக்கார்டர் கோர்ட் வந்ததும் மறைந்தது. பிறகு நீண்ட காலம் மேயர் என்ற பட்டமே இந்த ஊரில் இல்லை. கமிஷனர்கள், பிறகு பிரசிடெண்ட் என்று போயிற்று. உள்ளாட்சிக்கு வழி திறந்த வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் பெயரில், இன்று நாம் பார்க்கும் வெள்ளை மாளிகை 1913இல் திறக்கப்பட்டது.

நமக்கு முக்கியமான அத்தியாயம் 1920இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மன்றத்தின் தலைவராக நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் இருந்தார். ராயப்பேட்டைக்குப் பக்கத்தில், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடுவதென்று அந்த மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. ஓரணாச் சோறு! பின்னால் காமராஜர் மாநிலம் முழுவதும் கொண்டு போனதும், எம்.ஜி.ஆர். சத்துணவு என்று விரித்ததும் உலகறிந்த செய்தி. அதற்கெல்லாம் முன்னே, நம் தெருக்கோடிப் பள்ளியில் அடுப்பு மூட்டியவர்கள் கவுன்சிலர்கள். அடுப்பை அணைத்தது யார் தெரியுமா? மேலிருந்த அரசாங்கம். ஆரம்பக் கல்விக்கான நிதியில் சோறு போடக் கூடாது என்று தடை வந்து 1925இல் நின்றது. சில ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் நடந்தது. கொடுப்பது கீழே, தடுப்பது மேலே என்ற வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல!

தியாகராயருக்குப் பின் அதே 1920களில் அந்தத் தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் சர் முஹம்மது உஸ்மான். தி.நகர் வியாபாரிகளே! தினமும் கல்லாவில் உட்கார்ந்து பில்லில் எழுதுகிறீர்களே உஸ்மான் ரோடு என்று, அந்த உஸ்மான் இவர்தான். யுனானி மருத்துவம் அறிந்தவர். நாட்டு வைத்திய முறைகளை ஆராய அரசு 1921இல் அமைத்த குழுவுக்குத் தலைவர். 1934இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராகவும் இருந்தார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். தெருவுக்குப் பெயர் இருக்கிறது. பெயருக்குரிய மனிதரைப் பற்றி அந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வரி தெரியாது.

1933இல் பிரசிடெண்ட் என்ற பெயர் மாறி மறுபடியும் மேயர் வந்தது. முதலில் அமர்ந்தவர் செட்டிநாட்டு முத்தையா செட்டியார். ஆண்டுக்கு ஒரு மேயர் என்ற முறை இருந்ததால் நாற்காலி பலரிடமும் சுற்றி வந்தது. 1937இல் சிவசண்முகம் பிள்ளை, 1945இல் என்.சிவராஜ் என்று தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர்கள் அமர்ந்தார்கள். நம்மவர்களில் 1930களில் அப்துல் ஹமீது கான், 1940களில் சையத் நியமத்துல்லா, 1960களில் ஹபீபுல்லா பேக் ஆகியோர் அமர்ந்தார்கள். பெண்களில் தாரா செரியன் 1950களிலும் காமாட்சி ஜெயராமன் 1970களின் தொடக்கத்திலும் அமர்ந்தார்கள். அதிகாரத்தைப் பங்கிட்டு உண்ணும் பழக்கம் அன்றைக்கு இருந்தது.

ஒரே ஒரு வருடத்தில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். தீரர் சத்தியமூர்த்தியைப் பாருங்கள். 1939இல் மேயர். உலகப் போர் தொடங்கிவிட்டது, அரசாங்கம் பணம் கேட்டால் முறைக்கிறது. சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று மன்றாடி, வாதாடி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அனுமதி வாங்கி 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்ட வைத்தார். 1944இல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்றைக்கும் நாம் ஒளுச் செய்கிற தண்ணீரில் அந்த மனிதருடைய பங்கு இருக்கிறது. அவர் எந்தக் கட்சி, என்ன சாதி என்று அந்தத் தண்ணீர் கேட்கவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? மேடைக்கு மேடை நம்மிலும் மேயர் இருந்தார், நம்மிலும் மேயர் இருந்தார் என்று பெருமை பேசி இறங்கி விடுகிறோம். மேயராக இருந்தார், சரி! என்ன செய்தார், எந்தத் தெருவுக்குக் குழாய் வந்தது, எந்தப் பள்ளிக்குக் கூரை வந்தது என்று எழுதி வைத்தோமா? ஒரு சிறு நூலாவது உண்டா? பெயரைச் சுமப்பது வரலாறு ஆகாது. நாளைக்கே ஒரு முஸ்லிம் பெயர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நம் சாக்கடை தானாக ஓடிவிடுமா?

நாற்காலி எப்படிக் காலியானது என்பதற்கு வருவோம். 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலை செய்யாதவர்கள் பெயரில் கூலி எழுதி எடுத்தார்கள் என்ற விவகாரம். மன்றம் கலைக்கப்பட்டது. திருடியவனைப் பிடிப்பது நியாயம்தான். ஆனால் அதற்காக ஊருக்கே ஓட்டு இல்லை என்றார்கள். ஓராண்டல்ல, ஈராண்டல்ல, 23 ஆண்டுகள்! தி.மு.க. ஆட்சி, அ.தி.மு.க. ஆட்சி, கவர்னர் ஆட்சி எல்லாம் வந்து போயின. யாருக்கும் தேர்தல் நடத்த மனம் வரவில்லை. அதிகாரிகள் ஆண்டார்கள்.

அந்த இடைவெளியில் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. நகரத் திட்டம் சி.எம்.டி.ஏ.வுக்குப் போனது. குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் மெட்ரோ வாட்டருக்குப் போயின. சத்தியமூர்த்தி தண்ணீருக்காகப் போராடிய நாற்காலியிலிருந்து தண்ணீரே பறிக்கப்பட்டது! இன்று உங்கள் தெருவில் சாக்கடை பொங்கினால் மேயரிடம் போக முடியாது, குடிநீர் வாரியத்துக்குப் போக வேண்டும். மழைநீர் தேங்கினால் மாநகராட்சிக்கு. பஸ் வரவில்லையென்றால் மாநிலப் போக்குவரத்துக் கழகத்துக்கு. இரண்டு தண்ணீரும் ஒரே தெருவில் கலந்து நிற்கும்போது இது யாருடைய தண்ணீர் என்று ஃபத்வா கொடுப்பது யார்?

லண்டனைப் பாருங்கள். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பஸ் ஓட்டுநரின் மகன் சாதிக் கான் 2016, 2021, 2024 என மூன்று முறை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஊர் பஸ்ஸும் சுரங்க ரயிலும் அவர் தலைமையில் இயங்கும் அமைப்பின் கையில் இருக்கின்றன. கட்டணம் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்கிறார். இஸ்தான்புல்லில் 1994இல் மேயரான எர்துகான், தண்ணீரும் குப்பையும்தான் மக்களை வாட்டும் பிரச்சினை என்று பிடித்துக்கொண்டு மேலே வந்தார். பின்னாளில் அவர் ஆட்சியைப் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், இருக்கிறது. ஏணியின் முதல் படி மாநகராட்சி என்பதை மறுக்க முடியாது. நம் ஊரிலோ அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். கமிஷனர் கையில் நிர்வாகம். மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குவார், தீர்மானம் நிறைவேற்றுவார். அதை நடத்துவதும் நடத்தாததும் பெரும்பாலும் கோட்டையின் கண்ணசைவில் இருக்கிறது.

1992இல் அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் வந்தது. 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாம் அட்டவணை என்று 18 பணிகளைப் பட்டியல் போட்டு, இவற்றை நகரங்களுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுக்க வேண்டும் என்று எழுதாமல் விட்ட புண்ணியத்தில் பாதி கைக்கு வரவேயில்லை. ஒரு நன்மை கிடைத்தது. மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் தேர்தல் என்று சட்டம் ஆயிற்று. அதன் பிறகே 1996 அக்டோபரில் சென்னை ஓட்டுப் போட்டது. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயரானார் மு.க.ஸ்டாலின். மேம்பாலங்கள் வந்தன. நம் பீட்டர்ஸ் ரோடு மேம்பாலமும் அந்த வரிசையில் வந்ததுதான். 2001இல் மீண்டும் வென்றார். 2002இல் ஒருவர் சட்டமன்றத்திலும் மாநகராட்சியிலும் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று அ.தி.மு.க. அரசு சட்டம் கொண்டு வந்தது. மேயர் பதவி போயிற்று.

இதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். 2006இல் தி.மு.க. ஆட்சி, மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்றார்கள். மா.சுப்பிரமணியன் மேயரானார். 2011இல் அ.தி.மு.க. ஆட்சி, மறுபடியும் நேரடித் தேர்தல். சைதை துரைசாமி மேயரானார். 2022இல் மறுபடியும் கவுன்சிலர்கள் வழியாக! எந்த முறை சரி என்பதில் யாருக்கும் கொள்கை இல்லை. அன்றைக்கு எது தோதுப்படுமோ அது முறை. இரண்டு கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கூட்டணிக்காக இதைச் சொல்லாமல் விடுகிற பழக்கம் நமக்கு வேண்டாம்.

இதை விடப் பெரிய அநீதி நடந்தது 2016இல். அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்த அரசு, பழங்குடியினர் இடஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. தவறைத் திருத்திக்கொண்டு சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. மன்றத்தின் காலம் முடிந்தது, தனி அதிகாரி வந்தார். அந்த டிசம்பரிலேயே வர்தா புயல் அடித்து மரமெல்லாம் சாய்ந்தது. கவுன்சிலர் இல்லை. 2019 கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தோம். கவுன்சிலர் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். வண்டி எங்கே நிறுத்துவது, சரக்கு எங்கே இறக்குவது என்று வியாபாரிக்காக மன்றத்தில் எழுந்து கேட்க ஒருவர் கூட இல்லை. 2020இல் கொரோனா. நம் இளைஞர்கள் மதம் பார்க்காமல் ஜனாஸாக்களைச் சுமந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. தெருவை அடைத்துத் தகரம் வைத்த போது யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நின்றோம்.

2022 பிப்ரவரி 19இல்தான் ஓட்டுப் போட முடிந்தது. ஐந்தாண்டுக்கு மேல் ஊர் வாய் பேசாமல் கிடந்தது. சகோதரர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த ஐந்தாண்டில் எந்த ஜமாஅத்தாவது, எந்த வியாபாரிகள் சங்கமாவது தேர்தல் நடத்து என்று ஒரு நாள் கடை அடைத்ததுண்டா? ஒரு தந்தியாவது, ஒரு மனுவாவது?

புதிய மன்றம் 2022 மார்ச்சில் கூடியது. 28 வயதுப் பெண், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஆர்.பிரியா மேயரானார். 334 ஆண்டு வரலாற்றில் அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர் அமர்ந்தது முதல் முறை. (நகரத் தந்தை என்று எழுதிப் பழகிய நம் பத்திரிகைகள் என்ன எழுதுவது என்று திண்டாடின.) மகிழ்ச்சியான செய்தி. ஆனால் மன்றம் கூடி ஒரு மாதம் ஆவதற்குள் கோட்டையிலிருந்து சொத்து வரி உயர்வு வந்து விழுந்தது. பழைய மாநகரப் பகுதியில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீத உயர்வு! அறிவித்தது மாநில அரசு, தீர்மானம் போட்டுக் கொடுத்தது மன்றம். ஜோசையா சைல்டின் கணக்கு நினைவிருக்கிறதா? வரியை உள்ளூர்க்காரன் வாயால் சொல்ல வைப்பது! கடைச் சொந்தக்காரர் அதை வாடகையில் ஏற்றினார். நம் வியாபாரி பொருமினார். வார்டு அலுவலகத்துக்குப் போய் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

அதிகாரமே இல்லாத மன்றத்தில் போய் என்ன ஆகப் போகிறது என்று சிலர் கேட்பார்கள். முழுக்க இல்லை என்று சொல்வதும் தவறு. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், உள்தெருச் சாலை, மாநகராட்சிப் பள்ளி, சுகாதார நிலையம், விளையாட்டுத் திடல், சமுதாயக் கூடம் எல்லாம் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானம் அந்த மன்றத்தில்தான் நிறைவேறியது. 2025 ஆகஸ்டில் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஒரு தீர்மானத்தில் எத்தனை வீட்டு அடுப்பு அடங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். குடியுரிமைச் சட்டம் வந்து 2020இல் ஊரே கொதித்தபோது பிறப்புச் சான்றிதழுக்காக நம்மவர்கள் ஓடிய ஓட்டத்தை மறந்துவிட்டோமா? அந்தப் பதிவேடு மாநகராட்சியின் பதிவேடு.

மார்க்கம் இதைச் சின்ன விஷயமாகக் கருதவில்லை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளில் ஒன்றாக நமக்குச் சொல்லித் தந்தார்கள் அண்ணலார் (ஸல்). கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு கண்டித்தார்கள். மதீனாவின் சந்தையை மேற்பார்வையிட ஹள்ரத் உமர் (ரலி) ஷிஃபா என்ற பெண்மணியிடம் பொறுப்புக் கொடுத்ததாகவும் அறிவிப்பு உண்டு. எடைக்கல்லும் தெருவும் தண்ணீரும் ஆட்சியாளரின் அமானிதம் என்பது நம் மரபு. ஹிஸ்பா என்று தனித் துறையே நடத்திய சமுதாயம், இன்று வார்டு அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டு நிற்கிறது.

ஷிஃபா அம்மையாரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மாமன்றத்தின் 200 இடங்களில் பாதி பெண்களுக்கு. நம் முஹல்லா அடங்கிய வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் என்ன செய்கிறோம்? ஒன்று, ஆளில்லை என்று கையை விரிக்கிறோம். அல்லது மனைவியின் பெயரை எழுதிவிட்டு வீட்டுக்காரர் கவுன்சிலராகத் திரிய நினைக்கிறார். இரண்டும் கேவலம். ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் பட்டம் பெற்ற, கணக்குத் தெரிந்த, ஹிஜாபோடு அலுவலகம் நடத்தக் கூடிய சகோதரிகள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் வார்டில் வேலை செய்து பெயர் எடுக்கட்டும், அவர்களே மன்றத்தில் எழுந்து பேசட்டும். கணவன்மார் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். இதைச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டம். 2016இல் தட்டிக் கழித்தது போல மறுபடியும் நடக்காது என்பதற்கு நாம் விழித்திருப்பதைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை. இயக்கச் சகோதரர்கள் இப்போதே வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரி பாருங்கள். வாடகை வீடு மாறியவர், புதிதாக 18 வயது நிரம்பியவர், திருமணமாகி வந்த பெண்கள், இவர்கள் பெயர்தான் விடுபடும். கதீஜா ஒரு பக்கம் கதிஜா என்றும் மறுபக்கம் கத்தீஜா என்றும் அச்சாகியிருக்கும். இன்றே திருத்துங்கள். வார்டு குழு, ஏரியா சபை என்பவற்றுக்கான விதிகள் 2022இல் வந்துவிட்டன. கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். வியாபாரிகள் சங்கங்கள் சொத்து வரி ரசீதுகளைத் திரட்டி, இந்தத் தெரு இவ்வளவு கட்டியது, இந்தத் தெருவுக்கு என்ன செலவு செய்தீர்கள் என்று கணக்குக் கேட்கட்டும். அந்தப் பதிலை எந்த மாதம் கொடுத்தாலும், கொடுக்க மறுத்தாலும் நமக்கு அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், வார்டு வாரியாக இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.